கண்சிமிட்டிப் புராணம்

எந்தப் புராணமும் ஒரு மலையடிவாரத்தில் தொடங்குவதுதான் மரபு. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் ஜூரா மலையடிவாரத்தில் செர்ன் என்று ஓர் அணு ஆராய்ச்சிக்கூடம். அணுவைப் பிளப்பதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று அங்கே இருந்தது: யார் எழுதிய ரிப்போர்ட் எந்தக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது. டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் அதற்கு ஒரு வழி சொல்லி, 1989 மார்ச்சில் மேலதிகாரியிடம் ஒரு திட்டத்தை நீட்டினார். மேலதிகாரி மைக் செண்டால் படித்துப் பார்த்து, தெளிவாக இல்லை, ஆனாலும் சுவாரசியமாகத்தான் இருக்கிறது என்ற பொருள்பட முதல் பக்கத்தில் கிறுக்கி வைத்தார். இணையதளம் வடிவமைத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மேலிடத்திலிருந்து வரக்கூடிய வார்த்தைகளில் இது உயர்ந்த ரகம். எங்களுக்கெல்லாம் கிடைப்பது, “நல்லாருக்கு சார், லோகோவை மட்டும் கொஞ்சம் பெரிசாக்கிடுங்க.”

பெர்னர்ஸ்-லீ வேலை பார்த்தது நெக்ஸ்ட் என்ற கறுப்புப் பெட்டியில். ஆப்பிளை விட்டு வெளியேறிய கோபத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் தொடங்கிய கம்பெனியின் சரக்கு அது. உலகத்தின் முதல் வெப் சர்வர் அந்தப் பெட்டிதான். அதன்மேல், இது சர்வர், தயவுசெய்து அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். அதாவது உலகளாவிய வலைக்கு அன்றைக்கு இருந்த ஒரே எதிரி, சாயங்காலம் லைட்டை அணைத்துவிட்டுப் போகிற பொறுப்பான ஊழியர். அவர் ஒருநாள் கொஞ்சம் கூடுதல் பொறுப்பாக இருந்திருந்தால் நான் இந்நேரம் எல்.ஐ.சி.யில் இருந்திருப்பேன்.

முதல் தளத்தில் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, அங்கங்கே தொடுப்புகள். அவ்வளவுதான். பேனர் கிடையாது, படம் கிடையாது, உங்களை நோட்டிஃபிகேஷனுக்குச் சம்மதிக்கச் சொல்லிக் கெஞ்சுகிற பெட்டி கிடையாது. இன்றைக்குக் கைப்பேசியில் திறந்தாலும் கட்டம் மீறாமல் அடக்கமாக நிற்கிறது. நடுவில் நாங்கள் முப்பது வருஷமாக உழைத்து அதைக் கெடுத்துவிட்டு, பிறகு கைப்பேசிக்கு ஏற்றபடி சரிசெய்து தருகிறோம் என்று தனியாக பில் போட்டோம்.

சரி, இந்த மகத்தான விஞ்ஞான சாதனத்தில் முதன்முதலாக ஏறிய படங்களில் ஒன்று எது? அணுத்துகளின் பாதையா, மோதுபொறியின் வரைபடமா? ஒரு பாட்டுக் கோஷ்டியின் போட்டோ. லே ஹாரிபிள் செர்னெட்ஸ் என்று நான்கு பெண்கள், செர்னிலேயே பாடிக்கொண்டிருந்த நையாண்டிக் குழு. அவர்களுடைய பிரபலமான பாட்டு, ராத்திரி பகல் பாராமல் மோதுபொறியையே கட்டிக்கொண்டு அழுகிற விஞ்ஞானியைக் காதலித்துத் தொலைத்த பெண்ணின் புலம்பல். குழுவின் பெயர்ச் சுருக்கமும் செர்ன் பின்னாளில் கட்டிய பிரம்மாண்ட மோதுபொறியின் பெயர்ச் சுருக்கமும் ஒன்றுதான்: எல்.எச்.சி. 1992 கோடையில் ஒரு கச்சேரியின் போது எடுத்த படம். சில்வானோ டி ஜென்னாரோ எடுத்து, ஃபோட்டோஷாப்பில் தலைப்பு ஒட்டி, ஜிஃப் கோப்பாகச் சேமித்து, பெர்னர்ஸ்-லீ கேட்டார் என்று கொடுத்தார். ஒட்டிய தலைப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஃபோட்டோஷாப் அறிந்தவன் கையும் வாயும் சும்மா இருக்காது என்ற வியாதி அன்றைக்கே தொடங்கியாயிற்று.

இதை ஏன் இத்தனை விவரமாகச் சொல்கிறேன் என்றால், இந்தப் புராணம் முழுக்க இதே கதைதான். கல்லூரி செமினாரில் கேட்டால், வலை வடிவமைப்பு என்பது பயனர் ஆய்வு, கிரிட், வெள்ளை இடைவெளி என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்வார்கள். நம்பாதீர்கள். நடந்ததெல்லாம் யாரோ பாட்டுக்காகச் செய்தது, விளையாட்டுக்காகச் செய்தது, அல்லது குடித்துவிட்டுச் செய்தது.

கடைசி வகைக்கு இதோ சான்று. 1993இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 21 வயது மார்க் ஆண்ட்ரீசன், பக்கத்துக்கு நடுவிலேயே படம் வரட்டும் என்று முன்மொழிந்து மொசைக் பிரௌசரில் அதைச் செய்தும் காட்டினார். பெர்னர்ஸ்-லீ இதற்காகத் தன்னைக் கடிந்துகொண்டார் என்று ஆண்ட்ரீசன் சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் திட்டிய காரியம் ஆயிற்றே, உடனே பற்றிக்கொண்டது. 1994இல் அந்தப் பட்டாளம் கலிஃபோர்னியா போய் நெட்ஸ்கேப் ஆயிற்று. அங்கே லூ மோன்டுல்லி என்ற பொறியாளர். எழுத்து மட்டுமே காட்டும் லிங்க்ஸ் என்ற பிரௌசரை முன்பு எழுதியவர். ஒருநாள் மௌன்டன் வியூ ஊரில் ஒரு பாரில் சகாக்களோடு உட்கார்ந்து, புதிய வசதி எதுவும் பாவம் நம் லிங்க்ஸுக்குப் பொருந்தாது போலிருக்கிறதே என்று வருத்தப்பட்டிருக்கிறார். எழுத்தை அணைத்து அணைத்து எரியவைத்தால் வேண்டுமானால் லிங்க்ஸிலும் தெரியும் என்று சொல்லி எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அத்தோடு அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மட்டும் படுக்கவில்லை. ஆபீசுக்குத் திரும்பிப் போய் ராத்திரியோடு ராத்திரியாக அதை எழுதி முடித்துவிட்டார். காலையில் மோன்டுல்லி வந்து பார்த்தால் திரையில் எழுத்து கண்ணடிக்கிறது.

பிளிங்க் பிறந்த கதை இதுதான். அடுத்த சில வருஷம் உலகத்தின் ஹோம்பேஜ் அத்தனையும் ஆடித் திருவிழா சீரியல் செட் மாதிரி மின்னிக்கொண்டே இருந்தது. பில் கேட்ஸ் ஆட்கள் சும்மா இருப்பார்களா? எழுத்து நின்ற இடத்தில் மின்னினால் போதாது, ஓடவேண்டும் என்று மார்க்கீயைக் கொண்டுவந்தார்கள். 1996இல் தரநிர்ணயக் குழு கூடியபோது, நீ ஓட்டத்தை நிறுத்து, நான் கண்ணடிப்பதை நிறுத்துகிறேன் என்று இருதரப்பும் பேசிக்கொண்டதாகச் சொல்வார்கள். பேச்சு நடந்தது, அவ்வளவுதான். கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ் பிளிங்கை அடக்கம் செய்தது 2013இல். மார்க்கீ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் அரசு அலுவலகத் தளங்களில் “முக்கிய அறிவிப்பு” வலமிருந்து இடமாகப் போகிறதே, படித்து முடிப்பதற்குள் கடைசித் தேதி ஓடிவிடுமே, அந்த வம்சம்தான்.

இதே மோன்டுல்லிதான் அதே 1994இல் குக்கீயையும் கண்டுபிடித்தவர். கடைக் கூடையில் போட்ட பொருளைத் தளம் மறந்துவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம். இன்றைக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனாலும், குக்கீக்குச் சம்மதமா என்று குறுக்கே ஒரு பெட்டி வந்து நிற்கிறதே, அதற்கும் மூலவர் அவரே. போதாக்குறைக்கு ஆபீஸ் மீன்தொட்டிக்கு எதிரே கேமரா வைத்து, மீன் நீந்துவதை உலகத்துக்கு ஒளிபரப்பினார். எனக்குக் கேட்டால் மூன்றில் அந்த மீன்தொட்டி ஒன்றுதான் யாருக்கும் தொந்தரவு தராத கண்டுபிடிப்பு.

பிறகு வந்தது பிரௌசர் யுத்தம். பாரதத்தில் பதினெட்டு நாளோடு முடிந்துவிட்டது, இது அப்படி முடியவில்லை. 1997இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4ஐ சான்ஃபிரான்சிஸ்கோவில் கோலாகலமாக வெளியிட்டது. கொண்டாட்டம் முடிந்த ராத்திரி, விழாவுக்குச் செய்த பிரம்மாண்டமான நீல “இ” எழுத்தைத் தூக்கிக்கொண்டு போய் நெட்ஸ்கேப் ஆபீஸ் புல்தரையில் வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். விடிந்து வந்த நெட்ஸ்கேப்காரர்கள் அதைக் குப்புறத் தள்ளி, தங்கள் சின்னமான டைனோசர் பொம்மையை அதன்மேல் ஏற்றி நிறுத்தி, கையில் ஒரு போர்டும் கொடுத்தார்கள்: நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18. சந்தையில் இருவரின் பங்காம். அந்த எண்கள் தலைகீழாக அதிக காலம் ஆகவில்லை. டைனோசரைச் சின்னமாக வைத்தால் என்ன ஆகும் என்று யாராவது முன்பே யோசித்திருக்கலாம்.

இவர்கள் புல்தரையில் விளையாடிய நேரத்தில் அடி வாங்கியது எங்கள் இனம். ஒரே பக்கம் ஒரு பிரௌசரில் ஒருமாதிரி, இன்னொன்றில் வேறுமாதிரி. நார்வேக்காரர் ஹோகோன் வியும் லீ 1994 அக்டோபரிலேயே ஸ்டைல்ஷீட் என்று ஒரு யோசனை சொல்லி, 1996 டிசம்பரில் அது சி.எஸ்.எஸ். என்ற தரமாகவும் வந்துவிட்டது. ஆனால் பிரௌசர்கள் அதைப் பாதி புரிந்துகொண்டன, மீதியைத் தத்தம் இஷ்டப்படி வியாக்கியானம் செய்தன. வேறு வழியில்லாமல் கணக்குப் போடுவதற்காக வந்த டேபிளைத் திருடி, அதற்குள் டேபிள், அதற்குள் இன்னொரு டேபிள் என்று அடுக்கிப் பக்கத்தைக் கட்டினோம். இந்த வித்தைக்கு வேதம், டேவிட் சீகல் 1996இல் எழுதிய புத்தகம். அதில் அவர் பிரபலமாக்கிய மந்திரம், ஒற்றைப் பிக்சல் ஜிஃப். உருவம் இல்லை, நிறம் இல்லை, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பக்கம் எங்கும் நிறைந்திருக்கும். அதை இழுத்து நீட்டினால் வேண்டிய இடைவெளி கிடைக்கும். மறுவருஷமே சீகல், வலை பாழாகிவிட்டது, பாழாக்கியவன் நானே என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். வழக்கம்போல, புத்தகத்தைப் படித்த கூட்டம் கட்டுரையைப் படிக்கவில்லை.

இனி இசை. 1990-களின் இறுதியில் ஒரு பக்கத்தைத் திறப்பது என்பது துணிச்சலான காரியம். ராத்திரி வீடே தூங்கும்போது திடீரென்று பாட்டு கிளம்பும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் கொடுத்த பின்னணி ஒலி வசதியின் புண்ணியம். டயல்-அப் வேகத்தில் நிஜப் பாட்டு இறங்காது, ஆகவே மிடி கோப்பு. மிடியில் ஒலியே கிடையாது. எந்த ஸ்வரத்தை எப்போது எந்த வாத்தியத்தில் வாசிக்கவேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் உண்டு. வாசிப்பது உங்கள் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு. கார்டு நல்ல ரகமாக இருந்தால் கச்சேரி. மட்டமாக இருந்தால், பிறந்தநாள் வாழ்த்து அட்டையைத் திறந்ததும் கத்துமே, அதே குரல்.

ஜெனரல் மிடி என்று 1991இல் ஒரு தரம் வகுத்து 128 வாத்தியங்களுக்கு வரிசை எண் கொடுத்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் தன் தளத்தைத் திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்கவேண்டும் என்று கேட்டபோதுதான் அந்தப் பட்டியலை முழுசாகப் படித்தேன். நாதஸ்வரம் இல்லை. வீணை இல்லை. மிருதங்கம் இல்லை. 105இல் சிதார் இருக்கிறது. 112இல் ஷெனாய் இருக்கிறது. 125இல் டெலிபோன் மணி, 126இல் ஹெலிகாப்டர், 127இல் கைதட்டல், 128இல் துப்பாக்கிச் சூடு. ஆக, தமிழ்க் கல்யாணத்துக்கு வேண்டிய வாத்தியம் ஒன்றுகூட இல்லை, வடக்கத்திக் கல்யாணத்துக்கும் கவர்னர் வருகைக்கும் எல்லாம் தயார். ஷெனாயை வைத்துக் கொடுத்தேன். மண்டபத்துக்காரர் கேட்டுவிட்டு, “என்ன தம்பி, துக்கச் செய்திக்கு ரேடியோவுல போடுற மாதிரி இருக்கு” என்றார். ஷெனாய்க்கும் நம் ஊர் வானொலிக்கும் உள்ள பழைய உறவு மிடிக் கமிட்டிக்கு எப்படித் தெரியும்?

பெரிய இடத்து இசையும் இதே லட்சணம்தான். விண்டோஸ் 95 எழுந்திருக்கும்போது ஒலிப்பதற்கு மைக்ரோசாஃப்ட் போய்க் கேட்டது பிரையன் எனோ என்ற பெரிய இசைக் கலைஞரை. உற்சாகமாக இருக்கவேண்டும், உலகளாவியதாக இருக்கவேண்டும், உணர்ச்சிகரமாக இருக்கவேண்டும் என்று சுமார் 150 அடைமொழிகள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, கடைசியில், நீளம் மூன்றேகால் விநாடி என்றார்களாம். எனோ சந்தோஷமாக உட்கார்ந்து 84 துண்டுகள் செய்ததாகப் பேட்டியில் சொன்னார். அதைச் செய்தது ஆப்பிள் மேக்கில் என்றும் பின்னாளில் ஒப்புக்கொண்டார். கிளையன்ட் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே செய்து கொடுத்துவிட்டு, எதில் செய்தோம் என்பதைச் செக் பாஸான பிறகு சொல்லவேண்டும். இந்தத் தொழிலில் எனக்கு அவர்தான் குரு.

தமிழ்ப் பக்கங்களின் கூத்து தனி. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் போட்டு வைத்திருந்தும் அதைப் பயன்படுத்த விண்டோஸ் அன்றைக்குத் தயாராக இல்லை. அதனால் ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் சொந்தமாக ஒரு ஃபான்ட், அதற்குள் சொந்தமாக ஒரு எழுத்து வரிசை. ஃபான்டை இறக்கி நிறுவாமல் திறந்தால் தலையங்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் ஐரோப்பியக் கொம்புகளுமாகத் தெரியும். சில தலையங்கங்கள் அப்படித்தான் மேலும் தெளிவாக இருந்தன. இதைத் தீர்க்க 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே குறியீடு வேண்டும் என்று ஒருமனதாகப் பேசி, டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளோடு எழுந்தார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் சேர்ந்து உருவாக்கிய டிஸ்கி ஏற்கெனவே ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 2000 லதா என்ற யூனிகோட் ஃபான்டோடு வந்த பிறகுதான் சண்டை மெல்ல ஓய்ந்தது. அப்புறம் அந்த லதாவின் முகவெட்டு பிடிக்கவில்லை என்று டிசைனர்கள் சண்டையைத் தொடர்ந்தோம்.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். இங்கே கொஞ்ச நேரம் உட்காரவேண்டும், ஏனென்றால் என் தலைமுறையின் வாலிபம் முழுக்க அங்கேதான் போயிற்று. ஜோனதன் கே என்ற கலிஃபோர்னியாப் பையன். பள்ளி, கல்லூரி நாட்களிலேயே மேக் கம்ப்யூட்டருக்கு விளையாட்டுகள் எழுதியவர். டார்க் காஸில் என்று 1986இல் வந்து பெயர் வாங்கிய விளையாட்டு அவர் நிரல்தான். வளர்ந்த பிறகு திரையில் பேனாவால் வரைய ஒரு மென்பொருள் செய்தார். பேனாக் கம்ப்யூட்டர் சந்தை படுத்துவிட்டது. சரி, வரைந்ததை அசைய வைப்போம் என்று திசை திருப்பி, 1995இல் அடோபியிடம் கொண்டுபோய் விற்கப் பார்த்தார். அடோபி வேண்டாம் என்றது. 1996 கடைசியில் மேக்ரோமீடியா வாங்கி ஃப்ளாஷ் என்று பெயர் வைத்தது. ஒன்பது வருஷம் கழித்து அடோபி அந்த மேக்ரோமீடியாவை 340 கோடி டாலருக்கு வாங்கியது. பேரம் பேசத் தெரியாதவன் காய்கறிக் கடையில்தான் ஏமாறுவான் என்று நினைத்திருந்தேன்.

ஃப்ளாஷ் வந்ததும் எங்களுக்குக் கொம்பு முளைத்தது. பிரௌசர் சண்டை பற்றிக் கவலையில்லை, வைத்தது வைத்த இடத்தில் நிற்கும். அந்த அகம்பாவத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் வாசலில் ஒரு இன்ட்ரோ படம் போட்டோம். ஜவுளிக் கடையோ பல் ஆஸ்பத்திரியோ, இருளில் ஒரு ஒளிக்கீற்று பாயும், லோகோ விண்வெளியிலிருந்து சுழன்று வரும், பூகம்பச் சத்தம் கேட்கும், கீழே சின்னதாக “ஸ்கிப்”. மொத்தப் படைப்பிலும் மனிதர்கள் விரும்பி அழுத்தியது அந்தச் சின்ன எழுத்தை மட்டும்தான். யாகோப் நீல்சன் என்ற பயன்பாட்டு வல்லுநர் 2000இல், ஃப்ளாஷ் 99 சதவீதம் மோசம் என்று எழுதிச் சாபமிட்டார். 2002இல் அதே மேக்ரோமீடியாவோடு சேர்ந்து ஃப்ளாஷை நல்வழிப்படுத்தும் பணியை ஏற்றுக்கொண்டார். மீதி ஒரு சதவீதத்தின் வசீகரம் அப்படி.

ஆனால் அதே ஃப்ளாஷில்தான் விளையாட்டுகள் பெருகின. நிறுவவேண்டாம், காசு வேண்டாம், மேனேஜர் வந்தால் ஒரு விசையில் மறைத்துவிடலாம். டார்க் காஸில் எழுதிய கை எங்கே போகும்? 2009இல் ஃபார்ம்வில் என்ற விவசாய விளையாட்டு வந்தபோது, சொந்த ஊரில் நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்கள் அதிகாலை அலாரம் வைத்து எழுந்து கம்ப்யூட்டரில் கத்தரிக்காய் அறுத்தார்கள். பக்கத்து வயலுக்காரர் மாடு கொடுத்து உதவினார். நிஜமான அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாது.

முடிவு ஜாப்ஸ் ரூபத்தில் வந்தது. எந்த மனிதரின் கறுப்புப் பெட்டியில் வலை பிறந்ததோ அதே மனிதர் 2010 ஏப்ரல் 29 அன்று பகிரங்கக் கடிதம் எழுதினார்: ஃப்ளாஷ் பேட்டரியைத் தின்கிறது, பாதுகாப்பில்லை, விரலுக்குப் பொருந்தாது, ஐபோனில் இடமில்லை. அடோபி 2017இல் தேதி குறித்து, 2020 டிசம்பர் 31ஓடு ஆதரவை நிறுத்தியது. ஃபார்ம்வில்லும் அதே நாளில் கடையைச் சாத்தியது. தென்னாப்பிரிக்க வருமானவரித் துறை மட்டும் படிவங்களை முழுசாக மாற்றி முடிக்கவில்லை. 2021 ஜனவரியில் ஃப்ளாஷ் ஓடுவதற்கென்றே சொந்தமாக ஒரு பிரௌசரை வெளியிட்டார்கள். படிவத்தை மாற்றுவதைவிட பிரௌசர் செய்வது சுலபம் என்று நினைக்கிற தைரியம் உலகத்திலேயே வரித்துறைக்குத்தான் வரும்.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6க்கு நடந்த சாவுச் சடங்கையும் சொல்லிவிடுகிறேன். அதற்காகப் பக்கங்களை வளைத்து நெளித்தே நரைத்தவர்கள் நாங்கள். 2010 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஒரு டிசைன் நிறுவனத்தார் சவப்பெட்டி வைத்து, கறுப்பு உடை உடுத்தி அதற்கு இறுதி மரியாதை செய்தார்கள். மைக்ரோசாஃப்ட் பூங்கொத்து அனுப்பியது. பிணம் என்னவோ அதற்குப் பிறகும் பல வங்கிகளில் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

விளையாட்டுப் பிள்ளைகளின் காலம் போய்க் கணக்குப்பிள்ளைகளின் காலம் வந்துவிட்டதற்கு அறிகுறி 2009இலேயே தெரிந்தது. கூகுளின் தலைமை டிசைனர் டக்ளஸ் போமன் வேலையை உதறினார். இரண்டு நீலங்களில் எதை வைப்பது என்று முடிவாகாமல் இடையில் 41 நீலங்களைப் பரிசோதிக்கிற இடம் இது, கோட்டின் தடிமன் மூன்று பிக்சலா ஐந்தா என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். எங்கள் ஊரில் 41 என்பது சபரிமலை விரதக் கணக்கு, அதற்காவது கடைசியில் நெய்யபிஷேகம் உண்டு.

அதே கூகுளில் 2014இல் மூன்று நான்கு பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? இணைப்பு அறுந்துபோனால் குரோம் பிரௌசரில் ஒரு பிக்சல் டைனோசர் வந்து நிற்கிறதே, ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கள்ளிச்செடியைத் தாண்டி ஓடுமே, அதைச் செய்தார்கள். அதற்கு ரகசியப் பெயர் புராஜெக்ட் போலன். டி. ரெக்ஸ் என்ற ராக் குழுவின் பாடகர் மார்க் போலன் நினைவாக. ஓட்டம் உச்சத்தைத் தொட ஏறத்தாழ 1.7 கோடி வருஷம் ஆகும்படி வைத்திருக்கிறார்கள், அந்தப் பிராணி பூமியில் வாழ்ந்த காலம் அவ்வளவு என்பது அவர்கள் போட்ட கணக்கு. 2018 கணக்குப்படி மாதத்துக்கு 27 கோடி ஆட்டம். இன்டர்நெட்டை நிறுத்தினால் பிள்ளைகள் படிப்பார்கள், ஊழியர்கள் வேலை பார்ப்பார்கள் என்று நம்பியிருந்த பள்ளிகளுக்கும் கம்பெனிகளுக்கும் இது பொறுக்குமா? நெட் இல்லாதபோது வரும் விளையாட்டையும் அணைக்க ஒரு பொத்தான் கேட்டார்கள். கூகுள் அதையும் செய்து கொடுத்தது.